பணி ஆணையை எப்படிப் படிப்பது? பல்கலைக்கழக ஆசிரியர், ஆய்வாளர் வேலை விதிகள்: ஓர் எளிய அறிமுகம்

பல்கலைக்கழகத்தில் ‘உதவிப் பேராசிரியர்’ என்று அழைக்கப்படும் எல்லாரும் ஒரே வேலையில் இல்லை. ஒரே துறையில், அடுத்தடுத்த அறைகளில் உட்கார்ந்து, ஒரே பாடத்தை நடத்தும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரிடமும் பிஎச்.டி. இருக்கிறது. இருவரும் எட்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஒருவர் இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தால் நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள். இன்னொருவரின் விண்ணப்பம் ‘அனுபவம் போதாது’ என்று நிராகரிக்கப்படுகிறது. இருவருக்கும் திறமையில் குறை இல்லை. சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டு வாங்கிய பணி ஆணையில்தான் வித்தியாசம் இருக்கிறது.

புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்றுதான். அது நியாயமான கேள்வி. ஆனால் உயர்கல்வித் துறையில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: இங்கே நான் வேலை செய்யப்போகும் வருடங்கள் பிற்பாடு கணக்கில் வருமா, வராதா? சம்பளம் குறைவாக இருந்தால் இரண்டு வருடத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். கணக்கில் வராமல் போன வருடங்களை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றியே போகும்.

விதி போடுவது யார்?

இந்தியாவில் உயர்கல்வியின் தரத்தை வகுக்கும் அதிகாரம் ஒன்றிய அரசுப் பட்டியலின் 66ஆம் பதிவில் இருக்கிறது. கல்வி என்பது 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால், ஒன்றியமும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனது. இந்த இரண்டும் சேர்ந்துதான் இன்றுவரை ஓயாத இழுபறிக்குக் காரணம். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, ஆசிரியர் நியமனத்துக்கான தகுதி, பதவி உயர்வு, விடுப்பு, வேலைப்பளு எல்லாவற்றையும் ஒரே ஆவணத்தில் சொல்கிறது. 2018 ஜூலையில் அறிவிக்கையான ஒழுங்குமுறைகள் அவை. கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி அதிலிருந்துதான். பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, அதாவது ஏஐசிடிஇ, 2019இல் தனியாக ஒன்று போட்டது.

சரி, யுஜிசி விதி மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டுமா? மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமன வழக்கில், 2015இல், மாநில அரசு ஏற்றுக்கொண்டால்தான் கட்டும் என்ற நிலையை உச்ச நீதிமன்றம் எடுத்தது. 2022இல் குஜராத், கேரளத் துணைவேந்தர் வழக்குகளில் யுஜிசி விதியே மேலோங்கும் என்றது. ஆக, மாநிலப் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ சேருகிறவர்கள் யுஜிசி விதி, மாநில அரசாணை, பல்கலைக்கழகத்தின் சொந்தச் சட்டவிதி என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் யுஜிசி ஒரு புதிய வரைவை வெளியிட்டபோது தமிழக சட்டமன்றம் சில நாட்களிலேயே எதிர்த்துத் தீர்மானம் போட்டது நினைவிருக்கும். துணைவேந்தர் தேர்வு பற்றிய பகுதிதான் அன்று செய்தியானது. ஒப்பந்த ஆசிரியர்களுக்கான எண்ணிக்கை வரம்பை எடுத்துவிடும் யோசனையும் அதே வரைவில் இருந்ததை அவ்வளவாக யாரும் பேசவில்லை. வேலை தேடும் இளைஞர்களுக்கு அதுதான் நேரடியாகத் தொடும் விஷயம் என்பது என் எண்ணம்.

உங்கள் வேலை எந்த வகை?

பணி ஆணையில் முதலில் தேட வேண்டியது பதவியின் பெயரை அல்ல. ‘அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில்’ நியமனம் என்று இருக்கிறதா பாருங்கள். அரசோ யுஜிசியோ சம்பளத்துக்குப் பணம் ஒதுக்கி ஒப்புதல் தந்த இடம் அது. தேர்வுக் குழு கூடி, இட ஒதுக்கீட்டுச் சுழற்சி பார்த்து, ஆட்சிக்குழு ஒப்புதலோடு வரும் நியமனம் நிரந்தர வகை. தமிழ்நாட்டில் அரசுக் கலை அறிவியல் கல்லூரி என்றால் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக வர வேண்டும். இதில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம், ஏழாவது ஊதியக்குழுவை ஒட்டிய ஆசிரியர் ஊதியப் படிகளில் ‘கல்விநிலை 10’இன்படி, 57,700 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் இதற்கு மேல்.

அடுத்தது ஒப்பந்த நியமனம். தொகுப்பூதியம், கன்சாலிடேட்டட் பே என்ற சொல் ஆணையில் இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். யுஜிசி விதியின்படி இது தவிர்க்க முடியாதபோது மட்டும்தான் செய்யப்பட வேண்டும். மொத்த ஆசிரியர் பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தகுதியும் தேர்வு முறையும் நிரந்தர ஆசிரியருக்கு உள்ளது போலவே இருக்க வேண்டும். ஊதியமும் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்த மாத ஊதியத்துக்குக் குறையக் கூடாது. நடைமுறையில் எத்தனையோ துறைகள் ஒப்பந்த ஆசிரியர்களை நம்பித்தான் ஓடுகின்றன என்பது அந்தத் துறைகளில் படித்த எவருக்கும் தெரியும்.

மூன்றாவது கௌரவ விரிவுரையாளர், கெஸ்ட் லெக்சரர். ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்ற கணக்கு. 2019இல் யுஜிசி சொன்ன அளவு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000. மாநிலங்கள் தருவது அவரவர் அரசாணைப்படி. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் மே மாதத்துக்கு ஊதியம் இல்லை என்பது கௌரவ விரிவுரையாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. விடைத்தாள் திருத்துவது முதல் சேர்க்கை வேலை வரை அவர்களும்தான் பார்க்கிறார்கள். வருடத்தில் ஒரு மாதம் வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்காதே.

கடைசியாக, ஆய்வுத் திட்டப் பணியாளர்கள். இவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறேன்.

வருடங்கள் கணக்கில் வருவது எப்படி?

இதுதான் பலரும் காலம் கடந்து தெரிந்துகொள்ளும் இடம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். யுஜிசி 2018 ஒழுங்குமுறையின் 10ஆம் பிரிவு முந்தைய பணி அனுபவத்தைப் பற்றியது. தற்காலிகம், அட்ஹாக், ஒப்பந்தம் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அந்த வருடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. நீங்கள் சேர்ந்தபோது அந்தப் பதவிக்குரிய தகுதி உங்களிடம் இருந்திருக்க வேண்டும். முறையாக அமைக்கப்பட்ட தேர்வுக் குழுவின் பரிந்துரையில் சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் வாங்கிய மொத்த ஊதியம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாத ஊதியத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு வரி: கௌரவ விரிவுரையாளராக இருந்த காலம், எவ்வளவு நீளமானாலும், சேராது.

ஊதிய நிபந்தனையைக் கவனியுங்கள். மாதம் 25,000 தொகுப்பூதியத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தவரின் அனுபவம், அவர் குறைவாக வாங்கினார் என்ற காரணத்துக்காகவே கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. குறைவாகக் கொடுத்தது நிர்வாகம். தண்டனை ஆசிரியருக்கு. இந்த நிபந்தனை ஒப்பந்த ஆசிரியருக்கு முழு ஊதியம் கொடுக்கச் செய்வதற்காக எழுதப்பட்டிருக்கலாம். நடப்பது அதற்கு நேர்மாறு. இதை மாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மாறும் வரை, சேரும்போதே தெரிந்துகொண்டு சேர்வதுதான் ஒரே பாதுகாப்பு. ஒரு மாநில அரசு தன் தேர்வில் கௌரவ விரிவுரையாளர் அனுபவத்துக்கு மதிப்பெண் கொடுக்கலாம். அது அந்தத் தேர்வுக்கு மட்டுமான சலுகை. யுஜிசி கணக்கோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிஎச்.டி. படித்த காலம் பற்றியும் ஒரு விதி இருக்கிறது. முழுநேரமாகப் படித்த வருடங்களை ஆசிரியர் பதவிக்கான அனுபவமாகக் காட்ட முடியாது. ஆனால் வேலையில் இருந்துகொண்டே, எந்த விடுப்பும் எடுக்காமல், பாடமும் நடத்தி ஆய்வும் செய்திருந்தால் அந்தக் காலம் கற்பித்தல் அனுபவமாகச் சேரும். பகுதிநேரமாகப் பதிவு செய்கிறவர்கள் வருகைப்பதிவேட்டு நகல், கால அட்டவணை நகல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டியது இதற்காகத்தான்.

இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மேலே போகும் ஒவ்வொரு படியும் வருடத்தில்தான் அளக்கப்படுகிறது. இணைப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு 8 வருட அனுபவம், குறைந்தது 7 ஆய்வு வெளியீடுகள், 75 ஆய்வு மதிப்பெண். பேராசிரியருக்கு 10 வருடம், 10 வெளியீடுகள், 120 மதிப்பெண். பதவியில் இருந்தபடியே மேலே போகும் பணிமேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது சிஏஎஸ்ஸில், பிஎச்.டி. உள்ள உதவிப் பேராசிரியர் 4 வருடத்தில் கல்விநிலை 11க்கும், அதன்பின் 5 வருடத்தில் 12க்கும், இன்னும் 3 வருடத்தில் இணைப் பேராசிரியராகவும் தகுதி பெறலாம். பிஎச்.டி., எம்.ஃபில். எதுவும் இல்லாவிட்டால் முதல் படிக்கே 6 வருடம். முந்தைய பணியில் 4 வருடம் சேர்கிறதா இல்லையா என்பது ஒருவரின் மொத்த ஆசிரிய வாழ்க்கையின் ஊதியத்தையே மாற்றிவிடும்.

2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு தேசியத் தகுதித் தேர்வான நெட், அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட், ஸ்லெட் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயம் இல்லை. இதைக் கேட்டு ஆய்வுப் படிப்பைத் தள்ளிப்போடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நுழைய வேண்டுமானால் நெட் போதும். இணைப் பேராசிரியர் நிலைக்கு ஏற பிஎச்.டி. இல்லாமல் வழி இல்லை.

சேர்ந்த பிறகு

நிரந்தர நியமனத்தில் முதல் ஒரு வருடம் தகுதிகாண் பருவம். யுஜிசி விதிப்படி இதை இன்னும் ஒரு வருடம்தான் நீட்டிக்கலாம். அதுவும் முதல் வருடம் முடியும் முன்பே தனி ஆணை போட்டுத்தான். பருவம் முடிந்த 45 நாளுக்குள் பணி உறுதி ஆணை வர வேண்டும். வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். ‘அதெல்லாம் தானா வரும்’ என்று அலுவலகத்தில் சொன்னதை நம்பி விட்டுவிட்டு, பதவி உயர்வு நேரத்தில் அந்த ஒரு தாளுக்காக அலைந்தவர்கள் உண்டு. மாநில அரசுக் கல்லூரி என்றால் மாநிலப் பணிவிதியில் உள்ள காலம் பொருந்தும்.

வேலைநேரம் வாரம் 40 மணி என்று கணக்கு. அதில் நேரடியாக வகுப்பில் நிற்பது உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. வளாகத்தில் நாளைக்கு குறைந்தது 5 மணி நேரம் இருக்க வேண்டும். கற்பித்தலை மதிப்பிடும்போது ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் 80 விழுக்காடும் அதற்கு மேலும் எடுத்திருந்தால் ‘நன்று’, 70 முதல் 80 வரை ‘திருப்தி’, அதற்குக் கீழே போனால் ‘திருப்தியில்லை’. அதனால் உங்கள் கால அட்டவணையும், மாற்றி எடுத்த வகுப்புகளின் பதிவும் தேதியோடு உங்களிடம் இருக்கட்டும்.

விடுப்பில் தற்செயல் விடுப்பு வருடத்துக்கு 8 நாள், சிறப்புத் தற்செயல் விடுப்பு 10 நாள், கருத்தரங்கு போன்றவற்றுக்கான பணி விடுப்பு 30 நாள் வரை. பேறுகால விடுப்பு 180 நாள். மேற்படிப்புக்கான விடுப்பு மூன்று வருடப் பணிக்குப் பிறகு கிடைக்கும். திரும்பி வந்து பணியாற்றுவதாகப் பத்திரம் எழுதித் தர வேண்டும்.

தனியார் கல்லூரியில் சேருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஆசிரியர்கள் ‘தொழிலாளர்’ என்ற சட்ட வரையறைக்குள் வர மாட்டார்கள் என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எனவே பணிநீக்கம் செய்யப்பட்டால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று எண்ணியிருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1976ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதைப் பாருங்கள். பணிக்கொடை என்கிற கிராஜுவிட்டி விஷயத்தில் நல்ல செய்தி: 2009இல் வந்த திருத்தம், 1997 ஏப்ரல் 3 முதல் என்று முன்தேதியிட்டு, ஆசிரியர்களையும் சேர்த்தது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்புறம், அசல் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள். அசலைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

ஆய்வுத் திட்டத்தில் சேருகிறவர்களுக்கு

பேராசிரியர் ஒருவர் டிஎஸ்டி, டிபிடி, ஐசிஎம்ஆர் போன்ற நிதி அமைப்பிடம் திட்டம் கொடுத்து மூன்று வருடத்துக்குப் பணம் வாங்குகிறார். அந்தப் பணத்தில் ஆய்வாளர்களை எடுக்கிறார். அப்படி எடுக்கப்பட்டவருக்குச் சம்பளப் பட்டியல் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து வரும், அடையாள அட்டையில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். ஆனால் அவர் பல்கலைக்கழக ஊழியர் அல்ல. ஆணையில் இப்படி இருக்கும்: ‘இந்நியமனம் முற்றிலும் தற்காலிகமானது. திட்டக் காலம் முடியும் நாளில் தானாகவே முடிவுக்கு வரும். இதைக் காட்டி நிரந்தரப் பணி கோர இயலாது.’ இந்த மூன்று வாக்கியத்தையும் வழக்கமான சடங்கு வாசகம் என்று கடந்துபோக வேண்டாம். சொன்னபடியேதான் நடக்கும்.

அதனால் சேரும் முன் பேராசிரியரிடம் நேராகக் கேட்கலாம்: ‘ஐயா, திட்டம் எந்த மாதம் முடிகிறது? இரண்டாம் வருட நிதி வந்துவிட்டதா?’ இதைக் கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் வேண்டாம். மூன்று வருடத் திட்டத்தின் முப்பதாவது மாதத்தில் சேருகிறவருக்குக் கிடைப்பது ஆறு மாத வேலைதான். நிதி தாமதமானால் நான்கைந்து மாதம் சம்பளம் இல்லாமல் ஆய்வகத்தில் நிற்பதும் நடக்கிறது. விடுதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு சோதனையைத் தொடர்ந்து செய்யும் பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நாட்டின் ஆய்வு அவர்கள் தோளில்தான் நடக்கிறது.

2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளர், ஜேஆர்எஃப், உதவித்தொகை மாதம் 37,000. முதுநிலை, எஸ்ஆர்எஃப், 42,000. பிஎச்.டி. முடித்த ஆராய்ச்சித் துணைவருக்கு, ரிசர்ச் அசோசியேட்டுக்கு, 58,000, 61,000, 67,000 என்று மூன்று படி. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் வாங்கியவரின் உதவித்தொகை அவர் பெயரிலேயே வருவது; வழிகாட்டியின் திட்டம் முடிந்தாலும் நிற்காது. ‘ப்ராஜெக்ட் ஜேஆர்எஃப்’ திட்டத்தோடு முடிந்துவிடும். தொகை ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஆய்வு மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிகளில் பேறுகாலம், குழந்தைப் பராமரிப்பு இவற்றுக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. பெண்களுக்கு மொத்தப் படிப்புக் காலத்தில் கூடுதலாக இரண்டு வருடத் தளர்வும் உண்டு. பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டமும், யுஜிசியின் 2015 ஒழுங்குமுறைகளும் நிரந்தரப் பேராசிரியர், கௌரவ விரிவுரையாளர், திட்டப் பணியாளர், மாணவி என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நடந்த மூன்று மாதத்துக்குள் உள்புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். வழிகாட்டியின் மீதே புகார் என்றாலும் இதுதான் வழி. விசாரணைக் காலத்தில் வழிகாட்டியை மாற்றித் தரும்படியும் கேட்கலாம்.

ஒப்பந்தத்திலேயே பல வருடம் போய்விட்டால்?

இங்கே நீதிமன்றங்கள் இரண்டு திசையில் பேசியிருக்கின்றன. 2006இல் கர்நாடக அரசு எதிர் உமாதேவி வழக்கில், முறையான தேர்வு இல்லாமல் தற்காலிகமாகச் சேர்ந்தவர் நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். இன்றுவரை எல்லா நிர்வாகங்களும் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில், தற்காலிக ஊழியரானாலும் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்றது அதே நீதிமன்றம். 2025 ஆகஸ்டில், மாதம் 30,000க்கு வேலை பார்த்துவந்த குஜராத் அரசு பொறியியல் கல்லூரி ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு, உதவிப் பேராசிரியர் ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தைத் தரச் சொன்னது. ஆக, இன்றைய நிலையில் பணி நிரந்தரம் கேட்டுப் போவதைவிட ஊதியச் சமன் கேட்டுப் போகிறவருக்கு வழி கொஞ்சம் அகலமாக இருக்கிறது. ஊதியம் சமமானால், மேலே பார்த்த 10ஆம் பிரிவின் ஊதிய நிபந்தனையும் கூடவே தீரும் என்பதால் அது இரட்டை லாபம்.

இதற்கெல்லாம் ஆவணம் வேண்டும். பணி ஆணை, சேர்ந்ததற்கான அறிக்கை, ஒவ்வொரு நீட்டிப்பு ஆணை, ஊதியச் சீட்டு, விடுவிப்பு ஆணை, அனுபவச் சான்று. அனுபவச் சான்றில் ‘பணியாற்றினார்’ என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த ஊதிய விகிதத்தில், எந்தத் தேர்வுக் குழுவின் பரிந்துரையில், என்ன தகுதியோடு என்பது அதில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகமோ அரசுக் கல்லூரியோ தராமல் இழுத்தடித்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் மனு எழுதி, 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவில் ‘என் நியமனம் பற்றிய விவரம்’ என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். நான் சேர்ந்த பணியிடம் அனுமதிக்கப்பட்டதா, அதன் அரசாணை எண் என்ன, தேர்வுக் குழு கூடிய தேதி என்ன, அந்தக் கூட்டக் குறிப்பின் நகல் வேண்டும் என்று தனித்தனியாக எண் போட்டுக் கேளுங்கள்.